ஆக்டேன விடுங்க, தண்ணியப் பாருங்க

இப்ப கோயமுத்தூர்லயோ கோபிலயோ எந்த டூவீலர் பட்டறைக்குப் போனாலும் ரெண்டு பேச்சுதானுங்க ஓடுது. நூத்துக்கு 20 பங்கு எத்தனால், அதாவது சாராயம் கலந்த இ20 பெட்ரோல் வந்ததுக்கப்பறம் மைலேஜ் போச்சுங்கறது ஒண்ணு, எச்சா காசு குடுத்து ஆக்டேன் எச்சா இருக்கற பிரீமியம் பெட்ரோல் ஊத்துனா வண்டி நல்லா இழுக்குமாங்கறது இன்னொண்ணு. டேங்க்குக்குள்ள தண்ணி எப்படி வருதுன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கறதில்ல. என்னையக் கேட்டா அதுதான் வண்டியப் படுக்க வெக்குது. அதுக்கோசரம் பெட்ரோல்னா என்ன, பங்க்ல என்ன பாக்கணும், வீட்டுல எப்படி சோதிக்கறது, எப்படி வெச்சுக்கறதுன்னு ஒட்டுக்கா எழுதிடறேன். நடுநடுவுல பழைய கதையும் வரும், பொறுத்துக்கங்க.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், பெட்ரோல்ங்கறது ஒரே சாமான் இல்லைங்க. கார்பனும் ஹைட்ரஜனும் சேந்த நூத்துக்கணக்கான சாமான்களோட கலவை. ஒரு மூலக்கூறுல கார்பன் 4ல இருந்து 12 வரைக்கும் இருக்கும், கொதிநிலை சுமாரா 30 டிகிரில ஆரம்பிச்சு 200 டிகிரி வரைக்கும் போகும். லேசானது சீக்கிரம் ஆவியாகி காலைல குளிர்ல வண்டிய ஸ்டார்ட் பண்ணி விடும், கனமானது மெதுவா எரிஞ்சு ஓட்டத்துக்கு ஆகும். கைல ஒரு சொட்டு பட்டா ஜில்லுன்னு இருக்கறது அந்த லேசான பங்கு பறக்கறதாலதான். ரொம்ப நாள் வெச்ச பெட்ரோல்ல வண்டி ஸ்டார்ட் ஆகாம அடம்புடிக்கறதுக்கும் இதான் காரணம், பத்தவெக்கறது ஓடிப்போயிருக்கும், மிச்சம்தான் கேன்ல இருக்கும்.

சரி, பங்க்குக்கு வருவோம்.

பங்க்ல நீங்க கேட்டா ஃபில்டர் பேப்பர் குடுத்தே ஆகணும், கேக்கறதுக்குக் கூச்சப்படாதீங்க. நாசில் நுனிய நல்லா துடைச்சுட்டு பேப்பர்ல ஒரே ஒரு சொட்டு விடுங்க. ரெண்டு நிமிசத்துல சுத்தமா ஆவியாகி பேப்பர் பழையபடி வெள்ளையா இருந்தா பரவால்ல, எண்ணெய்க் கறையாட்டம் வட்டம் நின்னுச்சுன்னா மண்ணெண்ணெய், டீசல் மாதிரி கனமான எதோ கலந்திருக்குதுன்னு அர்த்தம். இந்த சோதனை தண்ணியக் காட்டாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

இந்தக் கலப்படத்துக்கு ஒரு வேடிக்கையான சரித்திரம் இருக்குதுங்க. 1859ல அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் டைட்டஸ்வில்ங்கற ஊர்ல எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு போட்டப்ப, எல்லாருக்கும் வேண்டியிருந்தது விளக்குக்கு மண்ணெண்ணெய் மட்டும்தான். அதைக் காய்ச்சி எடுக்கறப்ப முன்னாடியே பறந்து வர்ற பெட்ரோலுக்கு வேலையே இல்ல, ஆத்துலயும் குழிலயும் ஊத்தி விட்டாங்க. கொஞ்சம் காசுக்கு ஆசப்பட்டவங்க அந்த வேண்டாத சரக்க மண்ணெண்ணெய்லயே கலந்து வித்தாங்க, வீட்டுல விளக்கு வெடிச்சு ஜனங்க செத்தாங்க. அன்னைக்கு மண்ணெண்ணெய்ல பெட்ரோலக் கலந்தாங்க, பின்னாடி நம்மூர்ல பெட்ரோல்ல ரேஷன் மண்ணெண்ணெயக் கலந்தாங்க, எது விலை கம்மியோ அது இன்னொண்ணுக்குள்ள போகும், அவ்வளவுதான். 1888ல, மோட்டார் வண்டி செஞ்ச கார்ல் பென்ஸோட சம்சாரம் பெர்தா பென்ஸ் அம்மா ரெண்டு பசங்களக் கூட்டிக்கிட்டு புருசனோட மோட்டார் வண்டில ஊருக்குப் போறப்ப, வழில எண்ணெய் தீந்து வீஸ்லோக்னு ஒரு ஊர்ல மருந்துக்கடைலதான் வாங்கி ஊத்துனாங்க. கறை எடுக்கறதுக்கு பாட்டில்ல வித்த சரக்கு அது.

அடுத்தது டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் பெட்ரோல் எத்தன கிலோ இருக்குங்கறது. பங்க்ல மிஷின் மேலயோ பில்லுலயோ போட்டிருப்பாங்க. 15 டிகிரி வெப்பத்துக்கு மாத்தி சொல்ற கணக்கு அது, பெட்ரோலுக்கு 720ல இருந்து 775க்குள்ள இருக்கணும். நீங்க ஜாடி, ஹைட்ரோமீட்டர் கேட்டு அளந்து பாத்தா, ஈரோட்டு வெய்யில்ல 35 டிகிரில ரீடிங் 16, 18 கம்மியா காட்டும், உடனே சண்டைக்குப் போயிராதீங்க, ஒரு டிகிரிக்கு சுமாரா 0.8, 0.9 இறங்கும். அவங்க கிட்ட இருக்கற சார்ட்ல 15 டிகிரிக்கு மாத்திட்டு, லோடு வந்தப்ப எழுதுன டென்சிட்டியோட ஒப்பிடணும், 3க்கு மேல வித்தியாசம் இருந்தாதான் கேள்வி கேக்கணும். அளவு மேல சந்தேகம்னா 5 லிட்டர் முத்திரை போட்ட படி இருக்கும், அதுல புடிச்சுக் காட்டச் சொல்லுங்க, 25 மில்லி வரைக்கும் முன்னபின்ன விடுவாங்க. 100 ரூபாய்க்குப் பதிலா 110க்குப் போட்டா அளவுல ஏமாத்த முடியாதுங்கறது, காலங்காத்தால போனா எச்சா கிடைக்கும்ங்கறது, இதெல்லாம் விடுங்க. பங்க்கோட டேங்க் பூமிக்குள்ள கிடக்குது, அதுக்குக் காலையும் மத்தியானமும் பெருசா தெரியாது.

இப்ப ஆக்டேன். இதுலதான் நொம்பப் பேர் காசு விடறாங்க.

இன்ஜினுக்குள்ள பிளக் பொறி போட்டதும் நெருப்பு ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் ஒழுங்கா பரவணும். பரவறதுக்குள்ள மூலைல இருக்கற கலவை அழுத்தத்துலயும் சூட்டுலயும் தானாவே வெடிச்சுட்டா அதான் நாக்கிங், தகர டப்பால ஆணியப் போட்டு ஆட்டுன மாதிரி சத்தம் வரும். நீளமா நேரா இருக்கற ஹெப்டேன் சட்டுனு வெடிச்சுக்கும், அதுக்கு மார்க் 0. கிளை விட்ட ஐசோஆக்டேன் தாக்குப் புடிக்கும், அதுக்கு 100. 1920கள்ல கிரஹாம் எட்கர்ங்கறவர் போட்ட அளவு இது. 91 ஆக்டேன்னா, 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தா எந்த அளவுக்குத் தாங்குமோ அந்த அளவுக்கு இந்த பெட்ரோல் தாங்கும்னு அர்த்தம். சக்தியோட அளவு இல்லைங்க இது, பொறுமையோட அளவு. அந்தக் காலத்துல சுத்தமான ஹெப்டேன் கலிஃபோர்னியா பக்கத்து ஜெஃப்ரி பைன் மரத்துப் பிசின்ல இருந்து எடுத்தாங்கங்கறது எனக்குப் புடிச்ச விசயம், எண்ணெய்க் கம்பெனி அளவுகோலுக்கு மரத்துப் பால்.

ஜி.டி. நாயுடு 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் விட்டப்ப இந்தப் பேச்சே இல்ல. ஃபோர்டு மாடல் டி மாதிரி அந்தக் காலத்து இன்ஜினுக்கு கம்பிரஷன், அதாவது பிஸ்டன் கலவைய எத்தன மடங்கு அமுக்குதுங்கற கணக்கு, 4க்கு 1 பக்கம்தான், எதை ஊத்துனாலும் ஓடும். கம்பிரஷன் ஏத்துனாதான் அதே பெட்ரோல்ல எச்சா வேலை வாங்கலாம், ஏத்துனா நாக்கிங். இதுக்கு மருந்து தேடி ஜெனரல் மோட்டார்ஸ்ல தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பர்ல கண்டுபுடிச்சதுதான் டெட்ராஈத்தைல் லெட், அதாவது ஈயம். ஒரு காலனுக்கு டீஸ்பூனுக்கும் கம்மியா போட்டாப் போதும். ஈயம்ங்கற பேரே வெளிய தெரியாம 'ஈத்தைல்'னு பேர் வெச்சு 1923 பிப்ரவரில விக்க ஆரம்பிச்சாங்க. அடுத்த வருசமே நியூஜெர்சில அதைத் தயாரிச்ச இடத்துல தொழிலாளிங்க புத்தி பேதலிச்சு 5 பேர் செத்தாங்க, மிட்ஜ்லி பத்திரிகைக்காரங்க முன்னாடி அதுல கைய கழுவிக் காட்டுனாரு, அதுக்கு முன்னாடியே ஈய விஷம் ஏறி அவரே லீவுல போய் ஓய்வெடுத்தவருதான்.

இதுல கொடுமை என்னன்னா, சாராயம், அதாவது எத்தனால் கலந்தாலும் நாக்கிங் நிக்கும்னு அவருக்கும் அவரு முதலாளி கெட்டரிங்குக்கும் அப்பவே தெரியும். ஆனா எத்தனால் நிறைய ஊத்தணும், கரும்பும் சோளமும் யாரு வேணாலும் காய்ச்சலாம், அதுல காப்புரிமை லாபம் எங்க இருந்து வரும். ஈயம் கிட்டத்தட்ட நூறு வருசம் ஓடுச்சு, கோடிக்கணக்கான குழந்தைங்க ரத்தத்துல ஏறுச்சு. நம்ம நாட்டுல 2000ல நிறுத்துனாங்க, கடைசியா அல்ஜீரியா 2021ல. இப்ப சுத்தி வந்து அதே எத்தனாலத்தான் ஊத்தறோம்.

ஆக எந்த ஆக்டேன் போடறது? வண்டியோட கையேட்ட எடுத்துப் பாருங்க, அதுல 91ன்னு போட்டிருந்தா 91 போதும், முடிஞ்சுது. எத்தனாலோட ஆக்டேன் 108 பக்கம் வரும்ங்கறதால சாதா இ20 பெட்ரோலே 95னு அரசாங்கம் சொல்லுது. கம்பிரஷன் 9, 10 இருக்கற ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிக்கு 100 ஆக்டேன் ஊத்தறது காசுக்குப் புடிச்ச கேடு. செட்டிபாளையத்துல கரி ஸ்பீட்வேங்கற ரேஸ் டிராக்ல ஓட்டறீங்க, கம்பிரஷன் 12, 13 இருக்கற இன்ஜின்னா அது வேற கதை.

மலை ஏறறப்ப சத்தம் வருதுன்னா மொதல்ல கியர மாத்துங்க. திம்பம் 27 கொண்டை ஊசில பொண்டாட்டி, மூட்டையோட மூணாவது கியர்ல முக்கி முக்கி ஏத்துனா எந்த பெட்ரோல் ஊத்துனாலும் நாக்கிங் வரும். ரெண்டுக்கு இறக்கி ஆர்பிஎம்ம ஏத்தி விடுங்க, சத்தம் போயிரும். போகலைன்னா உள்ள கரி புடிச்சிருக்கும், இல்ல பிளக் தப்பான நம்பரா இருக்கும். ஊட்டிக்குப் போறோம்னு பிரீமியம் ஊத்தறவங்களும் இருக்காங்க, அது தலைகீழ் கணக்கு. 2,240 மீட்டர் உசரத்துல காத்து கம்மி, சிலிண்டருக்குள்ள அழுத்தம் கம்மி, நாக்கிங்கும் கம்மியாத்தான் வரும். அங்க வண்டி மந்தமா இருக்கறது பெட்ரோல் குத்தம் இல்ல, கார்பரேட்டர் வண்டின்னா காத்துக்கு மேல பெட்ரோல் எச்சாகி பிளக் கருப்படிக்கும். பழைய அம்பாசிடர்ல மலை ஏறறப்ப ஃபியூயல் பம்பு மேல ஈரத்துணி சுத்துவாங்களே, அது இன்னொரு விசயம், லேசான பங்கு சூட்டுல குழாய்லயே ஆவியாகி அடைச்சுக்கும், துணி அதைக் குளுர வெக்கும்.

மைலேஜ் பத்தி சுருக்கமா. ஒரு லிட்டர் எத்தனால்ல இருக்கற சக்தி பெட்ரோல விட மூணுல ஒரு பங்கு கம்மி. இ20க்கு மாறுனா பழைய டூவீலருக்கு 3, 4 சதவீதம், பழைய காருக்கு 6, 7 சதவீதம் குறையும்னு நிதி ஆயோக் அறிக்கையே சொல்லிருக்குது. 50 குடுத்தது 48 குடுத்தா அது எத்தனால். 40க்கு வந்துருச்சுன்னா டயர் காத்து, ஏர் ஃபில்டர், உரசிக்கிட்டிருக்கற பிரேக் இதையெல்லாம் பாருங்க, எல்லாப் பழியும் கரும்பு மேல போட வேண்டாம். மக்காச்சோளம் எத்தனாலுக்குப் போய் தீவன விலை ஏறுதுன்னு நாமக்கல் கோழிப்பண்ணைக்காரங்க பொலம்பறாங்க, அது நியாயமான பொலம்பல், ஆனா அது வண்டிப் பிரச்சனை இல்ல.

வண்டிப் பிரச்சனை தண்ணி.

கொச்சில இருந்து இருகூருக்கும் கரூருக்கும் பெட்ரோல் குழாய்லயே வருது. எத்தனால மட்டும் அந்த மாதிரி நெடுந்தூரக் குழாய்ல விடாம டெப்போவுல கடைசியாத்தான் கலப்பாங்க. ஏன்னா எத்தனாலுக்குத் தண்ணின்னா உயிர், எங்க ஈரம் இருந்தாலும் இழுத்துக்கும். வெறும் பெட்ரோல்ல தண்ணி விழுந்தா அடில தனியா உக்காந்துக்கும். எத்தனால் கலந்ததுல கொஞ்சூண்டு தண்ணி கரைஞ்சுக்கும், லிட்டருக்கு சில மில்லி, அதுவரைக்கும் நல்லதுதான், தெரியாமயே எரிஞ்சு போயிரும். அந்த எல்லை தாண்டுனா தண்ணி எத்தனாலயும் கூட்டிக்கிட்டு ஒட்டுக்கா அடில இறங்கிரும். மேல ஆக்டேன் கொறஞ்ச பெட்ரோல், அடில சாராயத் தண்ணி. பெட்ரோல் டியூப் உறிஞ்சறது அடில இருந்து.

எப்படி உள்ள போகுது? மழைய விட வாட்டர் வாஷ்தான் பெரிய வில்லன். பெட்ரோல் மூடியத் தொறந்து சுத்திப் பாருங்க, மூடி உக்கார்ற பள்ளத்துல சின்னதா ஒரு ஓட்டை இருக்கும், விழற தண்ணி கீழ வடியறதுக்கு. மண்ணும் பாலிஷும் சேந்து அது அடைச்சுக்கிட்டா தண்ணி பள்ளத்துல தேங்கி, நீங்க மூடியத் தொறக்கறப்ப நேரா டேங்க்குக்குள்ள. மெல்லிசா ஒரு கம்பிய விட்டுக் குத்தி விடுங்க, கொஞ்சம் தண்ணி ஊத்தி கீழ வடியுதான்னு பாருங்க, மூடி பூட்டி இருக்கறப்ப. அந்த மூடி ரப்பர் வெடிச்சிருந்தா மாத்திருங்க. அப்பறம் பெரிய மழை பேஞ்ச மறுநாள் பங்க்ல தண்ணி சோதனை பண்ணீங்களான்னு கேளுங்க, அளவுக் கம்பில ஒரு பேஸ்ட் தடவி டேங்க்குள்ள விடுவாங்க, தண்ணி பட்டா நெறம் மாறும். டேங்கர் லாரி நின்னு இறக்கிக்கிட்டிருந்தா அப்ப ஊத்தாம அடுத்த பங்க்குக்குப் போயிருங்க, அடி வண்டல் கலங்கி இருக்கும்.

அறிகுறி என்னன்னா, காலைல ஸ்டார்ட் ஆகும், தெருவு முக்கு தாண்டறதுக்குள்ள மிஸ்ஸிங் அடிச்சு நின்னுரும். கார்பரேட்டர் வண்டின்னா இப்படிப் பாருங்க. இன்ஜின் ஆறட்டும். பெட்ரோல் டேப்ப மூடுங்க, கார்பரேட்டர் அடிக் கிண்ணத்துல இருக்கற வடிகால் திருப்ப லூஸ் பண்ணி, வர்றத வெள்ளைக் கண்ணாடி பாட்டில்ல புடிங்க. பத்து நிமிசம் ஆட்டாம வெச்சு வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாருங்க. ஒரே நெறமா இருந்தா சரி. அடில நெறமில்லாம, கலங்கலா தனி அடுக்கு நின்னா, ரெண்டுக்கும் நடுவுல கோடு தெரிஞ்சா, தண்ணிதான். சந்தேகம் இருந்தா ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, கீழ இறங்கி அந்த அடுக்கோடயே சேந்துக்கும். அப்படி இருந்தா டேங்க்க முழுசா வடிச்சுக் கழுவணும், மேல புது பெட்ரோல் ஊத்தி ஆட்டி விட்டா சரியாயிரும்னு நம்பாதீங்க. எஃப்ஐ வண்டிக்கு, அதாவது கார்பரேட்டர் இல்லாம பெட்ரோல பீச்சி விடற வண்டிக்கு, பம்பு டேங்க்குள்ளயே இருக்குது, செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்காம மெக்கானிக்குக்கு ஃபோன் போடுங்க.

பழைய டிவிஎஸ் எக்ஸெல் சூப்பர், பவர் ஸ்பிரேயர் வெச்சிருக்கற தோட்டத்துக்காரங்க இதை எச்சாவே கவனிக்கணும். அதெல்லாம் டூ ஸ்ட்ரோக் இன்ஜின், உராயாம இருக்கறதுக்கு ஊத்தற 2டி ஆயில் பெட்ரோல்லதான் கலந்திருக்கும், அந்த அடித் தண்ணி அடுக்குல ஆயில் நிக்காது. அதை உறிஞ்சுனா இன்ஜின் வெறுமையா ஓடி பிஸ்டன் புடிச்சுக்கும். ஆயில் மிச்சம் பண்றதப் பத்தி யோசிக்கறவங்க இதை யோசிக்கறதில்ல. கூடவே பழைய ரப்பர் டியூப், கேஸ்கெட் எத்தனால்ல ஊறி உப்பிக்கும், டியூப் அமுக்குனா பொதபொதன்னு இருந்தாவோ வெடிப்பு விட்டிருந்தாவோ இ20க்குத் தாங்கற டியூப்னு கேட்டு வாங்கி மாத்திருங்க.

உங்க பெட்ரோல்ல எத்தனால் எவ்வளவுன்னு நீங்களே பாக்கலாம். 100 மில்லி அளவு ஜாடி, கண்ணாடில வாங்குங்க. வெளிய நெழல்ல, அடுப்பு, பீடி, சுவிட்ச் எதுவும் பக்கத்துல இல்லாத இடத்துல வெச்சு, 50 மில்லி தண்ணி, மேல 50 மில்லி பெட்ரோல். வாய மூடி மெதுவா நாலஞ்சு தரம் கவுத்து நிமித்துங்க, நடுவுல மூடியத் தொறந்து ஆவிய விடுங்க. பத்து நிமிசம் விட்டா அடித் தண்ணி 50ல இருந்து ஏறி நிக்கும், எத்தனால் பூரா தண்ணிக்குள்ள போயிருக்கும். ஏறுனது எத்தன மில்லியோ அதை ரெண்டால பெருக்குங்க. 60 பக்கம் நின்னா இ20. எத்தனாலும் தண்ணியும் சேந்தா சுருங்கும்ங்கறதால 59 காட்டுனாலும் பதறாதீங்க, 65க்கு மேல போனா மறுபடி அளந்து பாத்துட்டுப் பேசுங்க. அந்த பெட்ரோல திரும்ப டேங்க்ல ஊத்தாதீங்க, சாக்கடைலயோ கிணத்துப் பக்கமோ கொட்டாதீங்க, பட்டறைல பார்ட்ஸ் கழுவறதுக்குக் குடுத்துருங்க.

வீட்டுல, தோட்டத்துல வெக்கறதுக்கு: 1934ம் வருசத்துப் பெட்ரோலியச் சட்டப்படி விக்கறதுக்கு இல்லாம 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வெச்சுக்கலாம், அதுவும் இறுக்கமா மூடுன பாத்திரத்துல, கண்ணாடின்னா 1 லிட்டர், உலோகம்னா 25 லிட்டருக்கு மேல கூடாது. தண்ணி பாட்டில்ல வாங்கிட்டு வர்றதுக்கு இதுல எடமே இல்ல. கேன்ல புடிக்கறப்ப வண்டி மேல வெச்சுப் புடிக்காம தரைல வெச்சுப் புடிங்க, நாசில் கேன் வாயத் தொட்டுக்கிட்டே இருக்கட்டும், நிலை மின்சாரப் பொறி வராம இருக்கறதுக்கு அதான் வழி. கழுத்து வரைக்கும் நெரப்பாதீங்க, வெய்யில்ல விரியும். பெட்ரோல் ஆவி காத்த விட மூணு நாலு மடங்கு கனம், மோட்டார் ரூம்ல வெச்சா தரையோட தவழ்ந்து போய் ஸ்டார்ட்டர் பொட்டிப் பொறிய அதுவே தேடிக்கும். மைனஸ் 40 டிகிரிலயே பத்திக்கற அளவுக்கு ஆவி விடற சாமான் அது. காத்தோட்டமான தனிக் கொட்டாய்ல வைங்க.

ஸ்பிரேயர், களை வெட்டற மிஷின் எல்லாம் சீசன் முடிஞ்சதும் டேங்க்க வடிச்சுட்டு, தானா நிக்கற வரைக்கும் ஓட்டி கார்பரேட்டரக் காலி பண்ணி வைங்க. மூணு மாசத்துக்கு மேல கிடந்த பெட்ரோல் காத்தோட சேந்து பிசினாகி ஜெட்ட, அதாவது கார்பரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டைய அடைச்சுக்கும், ஒரு நல்ல பட்டறைக்காரர் மூடியத் தொறந்து மோந்து பாத்தே சொல்லிருவாரு, பழைய வார்னிஷ் வாடை அடிக்கும்.

வடிக்கறப்ப டியூப்ப வாய்ல வெச்சு உறியறத மட்டும் விட்டுருங்க, எத்தன வருசம் பழக்கம் இருந்தாலும் சரி. பெட்ரோல்ல பென்சீன் 1 சதவீதம் வரைக்கும் இருக்கலாம்னு விதியே விடுது, அது ரத்தப் புத்துநோய் குடுக்கற சாமான். வாய்க்குள்ள போயிருச்சுன்னா உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வெக்காதீங்க, திரும்பி வர்றப்ப நுரையீரலுக்குள்ள போனாத்தான் உயிருக்கே ஆபத்து, நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஸ்பேர்ஸ் கடைல கைல அமுக்கற ரப்பர் பம்பு கிடைக்குது, ஒண்ணு வாங்கி ஸ்பிரேயரோடவே கட்டிப் போட்டுருங்க.